பாப்பா பள்ளியில் தினமும் இரண்டு உறுதிமொழி

*குழு: நம்ம வீட்டு ஆட்கள்*

*அக்கா (டல்லாஸ்):* பாப்பா பள்ளியில் காலை அறிவிப்பு வந்ததும் எல்லோரும் எழுந்து, வலது கையை நெஞ்சில் வைத்து அமெரிக்கக் கொடிக்கு உறுதிமொழி. அது முடிந்ததும் டெக்சாஸ் கொடிக்குத் தனியாக ஒன்று! அப்புறம் ஒரு நிமிடம் மௌனம். "நாம இந்த நாடே இல்லையே, நான் ஏன் சொல்லணும்?" என்று கேட்கிறாள் 😄

*பெரியப்பா:* நியாயமான கேள்வி. சொல்லாவிட்டால் டீச்சர் திட்டுவாரா?

*சித்தப்பா (நியூஜெர்சி):* திட்டக் கூடாது அண்ணா. 1943-லேயே தீர்ப்பு இருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவில் யெகோவாவின் சாட்சிகள் என்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகள் கொடிக்கு வணக்கம் வைக்க மாட்டோம் என்றதற்குப் பள்ளியை விட்டே அனுப்பினார்கள். கட்டாயப்படுத்தக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். 1940-ல் இதே நீதிமன்றம்தான் கட்டாயப்படுத்தலாம் என்றது!

*அக்கா (டல்லாஸ்):* ஆனால் டெக்சாஸ் சட்டப்படி பெற்றோர் எழுதிக் கொடுத்தால்தான் விலக்கு, சித்தப்பா.

*அத்தை:* டேய் தம்பி, அதில் கடவுள் பெயரும் வருகிறதாமே?

*சித்தப்பா (நியூஜெர்சி):* வருகிறது அக்கா. 1954-ல், அதிபர் ஐசனோவர் காலத்தில் சேர்த்தது. கடவுள் இல்லை என்கிற கம்யூனிஸ்டுகளிடமிருந்து தாங்கள் வேறு என்று காட்ட வேண்டுமே.

*சித்தப்பா (நியூஜெர்சி):* 1892-ல் இதை எழுதிய பிரான்சிஸ் பெல்லமி ஒரு பாதிரியார். அவர் எழுதியதில் கடவுள் கிடையாது 🙂

*அக்கா (டல்லாஸ்):* டெக்சாஸ் உறுதிமொழியில் 2007-ல்தான் சேர்த்தார்கள்.

*நான்:* அந்தக் காலத்துப் படங்களில் பிள்ளைகள் கொடியைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்களே?

*சித்தப்பா (நியூஜெர்சி):* ஆமாம். ஹிட்லர் ஆட்கள் வைக்கிற வணக்கம் மாதிரியே இருந்தது. 1942-ல் கையை நெஞ்சுக்கு மாற்றிவிட்டார்கள்.

*அத்தை:* அப்போ பள்ளியில் ஜெபமும் உண்டா?

*சித்தப்பா (நியூஜெர்சி):* அரசுப் பள்ளியில் ஜெபம் நடத்தக் கூடாது. நியூயார்க்கில் கல்வி வாரியமே எழுதிக் கொடுத்த ஜெபம் ஒன்று, மொத்தமே 22 வார்த்தை, எந்த மதத்தின் பெயரும் இல்லை, வேண்டாதவர்கள் விலகிக்கொள்ளலாம். அதையும் 1962-ல் செல்லாது என்றார்கள். பிள்ளை தானாகக் கும்பிட்டால் யாரும் கேட்க முடியாது.

*அத்தை:* அந்த மௌன நிமிடத்தில் மனசுக்குள் முருகா முருகா என்று சொல்லச் சொல்லு 🙏

*பெரியப்பா:* என்னைக் கேட்டால், எல்லோரும் எழும்போது எழுந்து நிற்கட்டும். மரியாதைக்கு மரியாதை. சொல்வதும் சொல்லாததும் அவள் பாடு. கடிதம் கிடிதம் எழுதி ஏழு வயசுப் பிள்ளையைத் தனியாக நிறுத்தாதே அம்மா.

*சித்தப்பா (நியூஜெர்சி):* அவளுக்கு மனசில்லை என்றால் எழுதத்தான் வேண்டும் அண்ணா. உரிமை இருந்தும் கேட்காமல் விடுவானேன்?

*அக்கா (டல்லாஸ்):* எழுதித் தரட்டுமா என்று நேற்றே கேட்டுவிட்டேன். வேண்டாமாம். பக்கத்து சீட் பிள்ளையோடு சேர்ந்து சத்தமாகச் சொல்வது பிடித்திருக்கிறதாம். டெக்சாஸ் கொடிக்குச் சொல்வதுதான் இன்னும் வரவில்லை, சும்மா வாயசைக்கிறாளாம் 😂

*பெரியப்பா:* வாய்ஸ் மெசேஜ் போடச் சொல்லு, கேட்போம்.

*அக்கா (டல்லாஸ்):* அவள் பள்ளி விட்டு வரும்போது அங்கே நடுராத்திரி பெரியப்பா. காலையில் எழுந்து கேளுங்கள்.