சிறுகோள் தேடல் (ஐஏஎஸ்சி): மூன்று பழைய கணினி மட்டும் உள்ள பள்ளியில் நடத்த முடியுமா?

அறிவியல்_டீச்சர்:
ஊராட்சிப் பகுதியில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளி. 9 முதல் 11ஆம் வகுப்பு வரை ஆர்வமுள்ள பிள்ளைகள் பதினைந்து பேர் இருக்கிறார்கள். விண்டோஸ் ஓடும் மூன்று பழைய கணினிகள், சுமாரான இணைய இணைப்பு. செலவழிக்கப் பணம் கிடையாது. மாடல் செய்து காட்சிக்கு வைப்பதோடு நின்றுவிடாமல், நிஜமான வானியல் தரவில் பிள்ளைகள் கை வைக்க வேண்டும். ஐஏஎஸ்சி (சர்வதேச வானியல் தேடல் கூட்டமைப்பு) நடத்தும் சிறுகோள் தேடலைப் பற்றிச் சொன்னார்கள். இதற்குத் தொலைநோக்கி வேண்டாமா? "சிறுகோளைக் கண்டுபிடித்த பள்ளி மாணவி" என்று செய்தி வருகிறதே, அது எந்த அளவுக்கு உண்மை? எங்கெங்கே சிக்கல் வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் உதவியாக இருக்கும்.

துருவமீன்:
தாராளமாக முடியும் டீச்சர். தொலைநோக்கி தேவையில்லை. ஹவாயில் ஹலேயகாலா மலை உச்சியில் உள்ள 1.8 மீட்டர் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி எடுத்த படங்களைத்தான் பெரும்பாலும் அனுப்புகிறார்கள். வானத்தின் ஒரே பகுதியைச் சில நிமிட இடைவெளி விட்டு நான்கு முறை எடுத்த படங்கள் ஒரு தொகுப்பு. விண்மீன்கள் அசையாது, சிறுகோள் நகரும். அந்த நகர்வைப் பிடிப்பதுதான் வேலை. திட்டத்தை நடத்துவது டெக்சஸின் அபிலீனில் உள்ள ஹார்டின்-சிம்மன்ஸ் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழு. 2006 முதல் நடக்கிறது. நேரடியாகப் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. நடுவில் யாராவது பணம் கேட்டால், அது அவர்கள் தரும் பயிற்சிக்கான கட்டணம். தேடலுக்கானது அல்ல.

மென்பொருள் ஆஸ்ட்ரோமெட்ரிகா. விண்டோஸில் ஓடும், பழைய கணினியே போதும். அது ஷேர்வேர். ஒரு தேடல் சுற்றுக்கு இலவசச் சோதனைக் காலமே தாங்கும்.

வேலை நடக்கும் வரிசை: ஐஏஎஸ்சி தரும் அமைப்புக் கோப்பை முதலில் செட்டிங்ஸில் ஏற்றுங்கள். பிறகு நான்கு ஃபிட்ஸ் (வானியல் படக் கோப்பு வகை) படங்களையும் சேர்த்துத் திறந்து, 'டேட்டா ரிடக்ஷன்' கொடுங்கள். இந்தக் கட்டத்தில் மென்பொருள் இணையத்திலிருந்து கையா விண்மீன் பட்டியலை இறக்கி, படத்தில் உள்ள விண்மீன்களோடு பொருத்திப் பார்க்கும். அது முடிந்ததும் 'நோன் ஆப்ஜெக்ட் ஓவர்லே'யை இயக்குங்கள். ஏற்கெனவே தெரிந்த சிறுகோள்கள் எங்கே இருக்க வேண்டும் என்று படத்தின் மேலேயே குறி விழும். பிறகு நான்கு படங்களையும் மாற்றி மாற்றிக் காட்டும் 'பிளிங்க்' போட்டு, படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொண்டு மெதுவாகத் தேட வேண்டும். ஒரு கணினிக்கு மூன்று பேர் என்றால் ஒருவர் மவுஸ், ஒருவர் திரை, ஒருவர் நோட்டு. மீதி ஆறு பேர் நோட்டைச் சரிபார்க்கட்டும், பிறகு முறை மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் சறுக்கும் இடம் 'டேட்டா ரிடக்ஷன்'தான். விண்மீன்கள் பொருந்தவில்லை என்று வந்தால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஒன்று, வேறு தொலைநோக்கிக்கான அமைப்புக் கோப்பு ஏறியிருக்கும். குவியத் தூரமும் பிக்சல் அளவும் மாறிப்போனால் எதுவும் பொருந்தாது. இரண்டு, பள்ளி இணையத்தின் வடிகட்டி, பட்டியலைத் தரும் விசியர் சர்வரைத் தடுத்திருக்கும். செட்டிங்ஸில் வேறு சர்வர் முகவரி மாற்றிப் பார்க்கலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டு ஒருமுறை சோதித்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

இதைவிடப் பெரிய தலைவலி எம்பிசிஆர்ப் கோப்பு. தெரிந்த சிறுகோள்களின் சுற்றுப்பாதைகள் 12 லட்சத்துக்கும் மேல் அதில் இருக்கின்றன. பழைய கோப்பு இருந்தால், அண்மையில் பட்டியலில் சேர்ந்தவற்றுக்குக் குறி விழாது. பிள்ளைகளுக்கு அவையெல்லாம் "புதுசு" மாதிரித் தெரியும். ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் புதிதாக இறக்குங்கள். விரித்த பின் 200 எம்பிக்கு மேல் வரும் கோப்பு என்பதால், ஒரு கணினியில் இறக்கிப் பென் டிரைவில் மற்ற இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம்.

கணக்கு_வாத்தியார்:
துருவமீன் சொன்னதோடு சேர்த்து, நிஜச் சிறுகோளையும் போலியையும் பிரிப்பதற்குப் பிள்ளைகளை முதலில் பழக்குங்கள். தானியங்கித் தேடல் வசதியும் உண்டு. ஆனால் அது காட்டுவதில் குப்பை நிறைய வரும். கண்ணால் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது.

புள்ளியைச் சொடுக்கினால் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். அதில் புள்ளியின் ஒளி எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வளைவும், எஸ்என்ஆர் (சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்), பிரகாசம், அகலம் ஆகிய எண்களும் இருக்கும். எஸ்என்ஆர் 5க்குக் கீழே என்றால் நம்பாதீர்கள். வளைவு மணி வடிவில், பக்கத்து விண்மீன்களின் அகலத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஊசி மாதிரிக் குறுகலாக, ஒரே படத்தில் மட்டும் வந்தால் அது காஸ்மிக் கதிர் பட்ட இடம் அல்லது கெட்ட பிக்சல். பிரகாசமான விண்மீனைச் சுற்றியுள்ள கீற்றுகளின் மேலும், படத்தின் கருப்புப் பட்டைகளின் (எதுவும் பதிவாகாத இடங்கள்) ஓரத்திலும் போலிகள் மொய்க்கும்.

அடுத்தது நகர்வு. இதை வரைபடத் தாளில் போடச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொண்ட எண்கள்: படங்கள் 0, 17, 34, 51ஆம் நிமிடங்களில். முதல் இடத்திலிருந்து விலகல் 0, 9.1, 18.0, 27.2 வில்நொடி (ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு). பிரகாசம் 20.4, 20.5, 20.3, 20.5. புள்ளிகள் நேர்க்கோட்டில், இடைவெளி சமம், பிரகாசத்தில் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. மணிக்கு 32 வில்நொடி வேகம், அதாவது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே உள்ள முதன்மைப் பட்டைச் சிறுகோளுக்கு உரிய வேகம். இது நல்ல புள்ளி.

இன்னொன்று: 0, 9, 14, 27. நேர்க்கோட்டில் இருந்தாலும் சம இடைவெளி இல்லை. பிரகாசம் 20.4, 21.6, 19.9, 20.8 என்று தாவுகிறது. இதை விட்டுவிடுங்கள். நாலு புள்ளி கண்ணுக்குத் தெரிந்த உற்சாகத்தில் பிள்ளைகள் இதையும் அனுப்பத் துடிப்பார்கள். ஏன் அனுப்பக் கூடாது என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்தால், பதினொன்றாம் வகுப்புப் பிழைப் பகுப்பாய்வுப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

அறிக்கையிலும் கவனம் வேண்டும். எம்பிசி (சிறுகோள் மையம்) கேட்கும் வடிவில் உள்ள அறிக்கையின் ஒவ்வொரு வரியும் 80 எழுத்து அகலம், ஒவ்வொரு எண்ணுக்கும் குறிப்பிட்ட நிரல். வேர்டில் ஒட்டித் திருத்தினாலோ வாட்ஸ்அப்பில் அனுப்பினாலோ இடைவெளி மாறிவிடும், வரி செல்லாது. ஆஸ்ட்ரோமெட்ரிகா தரும் உரைக் கோப்பை அப்படியே அனுப்புங்கள். ஒரே பொருளுக்கு நான்கு படத்திலும் ஒரே பெயர்தான் இருக்க வேண்டும். ஒரு தொகுப்பு முடிந்து அடுத்ததைத் திறக்கும் முன் 'ரீசெட் ஃபைல்ஸ்' கொடுக்க மறந்தால் பழைய வரிகளும் சேர்ந்தே போகும். இது அடிக்கடி நடக்கும் பிழை.

அறிவியல்_டீச்சர்:
மிக்க நன்றி சார். ஒரு சந்தேகம். மாதிரித் தொகுப்பு ஒன்றில் ஒரு புள்ளி இரண்டு படங்களில் தெளிவாக இருக்கிறது, மற்ற இரண்டில் அந்த இடம் கருப்புப் பட்டைக்குள் போய்விட்டது. இதை அனுப்பலாமா?

கணக்கு_வாத்தியார்:
வேண்டாம் டீச்சர். எந்த இரண்டு புள்ளியை எடுத்தாலும் நேர்க்கோடு வரும், அதனால் சோதிக்க வழியே இல்லை. மூன்று படத்திலாவது இருக்க வேண்டும், நான்கிலும் இருந்தால் நல்லது.

வால்மீன்:
செய்தித்தாள் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். இதில் மூன்று படிகள் உண்டு, மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் அந்தத் தலைப்புகள் வருகின்றன.

பிள்ளைகள் அனுப்பியது சரிபார்க்கப்பட்டு, தெரிந்த பொருள் அல்ல என்றால் அது முதற்கட்டக் கண்டறிதல். கண்டறிதலுக்கான சான்றிதழ்களில் பெரும்பாலானவை இந்தப் படிக்குத்தான். வேறு இரவில் அதே பொருள் மறுபடி பதிவாகி, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் உள்ள சிறுகோள் மையம் (எம்பிசி) இரண்டையும் இணைத்தால் தற்காலிகப் பெயரீடு கிடைக்கும். நிறையப் புள்ளிகள் இங்கேயே தொலைந்துபோகும். மங்கலான பொருளை மறுபடி பார்ப்பது அவ்வளவு கடினம். சுற்றுப்பாதை உறுதியாகி நிரந்தர எண் வர ஆறு முதல் பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். அதற்குப் பிறகுதான் பெயர் முன்மொழியும் உரிமை. பெயர் ஆங்கிலத்தில் 16 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். அரசியல்வாதிகள், படைத்தலைவர்களின் பெயர் என்றால் அவர்கள் இறந்து 100 ஆண்டு கழிந்திருக்க வேண்டும்.

ஆகவே முதல் கடிதம் வந்த அன்றே நிருபரைக் கூப்பிட வேண்டாம். தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் இந்த மூன்று படிகளை முன்பே விளக்கிவிடுங்கள். "முதற்கட்டக் கண்டறிதல்" என்ற சொல்லே பெருமைப்பட வேண்டிய சொல்தான். அதை ஊதிப் பெரிதாக்கினால், பின்னால் ஒன்றுமில்லை என்று ஆகும்போது அடிபடுவது அந்தப் பிள்ளை.

துருவமீன்:
கூடவே இரண்டு விஷயம். உங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை இஸ்ரோவின் யுவிகாவுக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். 2019இல் தொடங்கிய பயிற்சி, இஸ்ரோ மையங்களில் தங்கிப் படிப்பது. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்குத்தான் அதிக எடை. ஊராட்சிப் பகுதிப் பள்ளிக்குத் தனி மதிப்பெண் உண்டு. அறிவியல் கண்காட்சிச் சான்றிதழ்களை இப்போதே ஸ்கேன் செய்து வையுங்கள். விண்ணப்ப நேரத்தில் தேடி ஓடுவதில்தான் பலர் தவறவிடுகிறார்கள்.

பதினொன்றாம் வகுப்பில் கணக்கில் கெட்டியானவர்கள் இருந்தால் என்எஸ்இஏ வானியல் தேர்வு. இயற்பியல் ஆசிரியர் சங்கமான ஐஏபிடி நடத்துவது. அதைத் தாண்டினால் ஹோமி பாபா மையத்தின் அடுத்த கட்டம், கடைசியில் சர்வதேச வானியல், வானியற்பியல் ஒலிம்பியாட். 2025இல் அது மும்பையிலேயே நடந்தது. என்எஸ்இஏ தேர்வுக்குக் கட்டணம் உண்டு.

ஆனால் முதலில் சிறுகோளையே எடுங்கள். பதிவு செய்வதற்கு முன் மாதிரித் தொகுப்பில் ஒவ்வொரு குழுவும் தெரிந்த சிறுகோள் இரண்டையாவது ஓவர்லே இல்லாமல் தானாகப் பிடிக்கட்டும். பிறகு ஓவர்லே போட்டுச் சரிபாருங்கள். அது வந்துவிட்டால் நிஜத் தொகுப்புக்குத் தயார்.