கூடத்து மூலைக்கு ஒரு மீன்தொட்டி

குழு: உச்சிப்புளிச் சொந்தங்கள்

கவிதா (காலை 9.12)
அனைவருக்கும் வணக்கம். எங்கள் கூடத்து மூலையில் மீன்தொட்டி வைக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் நெடுநாள் ஆசை. கடைகளில் இருப்பவை எல்லாம் நீள்சதுரத் தொட்டிகளாக இருப்பதால் மூலையில் பொருந்தவில்லை. முன்பக்கம் வளைந்த தொட்டிக்கு ஒரு கடையில் 16,000 ரூபாய் கேட்டார்கள்; எங்களால் 6,000 வரைதான் முடியும். யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

பாம்பன் சித்தப்பா (காலை 9.40)
கவிதா, வளைவை விட்டுவிடம்மா. கண்ணாடியைச் சூளையில் இளக்கி அச்சில் வளைக்க வேண்டியிருப்பதால்தான் அவ்வளவு விலை. நேர்க் கண்ணாடிகளாலேயே மூலைத் தொட்டி செய்யலாம். சுவரோடு ஒட்டும் இரண்டு பக்கங்களும் 24 அங்குலம், அவற்றின் முனைகளில் இருந்து முன்னோக்கி வரும் 10 அங்குலப் பக்கங்கள் இரண்டு, அவை இரண்டையும் குறுக்காக இணைக்கும் முன்கண்ணாடி ஏறக்குறைய 20 அங்குலம். உயரம் 16 அங்குலம் வைத்தால், அடிக்கண்ணாடியையும் சேர்த்து 14 சதுர அடிக் கண்ணாடிக்குள் வேலை முடிந்துவிடும். ராமநாதபுரத்தில் ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டும் கடையிலேயே வெட்டித் தருவார்கள்.

கவிதா (காலை 9.47)
எத்தனை மில்லிமீட்டர் கண்ணாடி வாங்க வேண்டும், சித்தப்பா?

பாம்பன் சித்தப்பா (காலை 10.05)
8 மில்லிமீட்டர் வாங்கு. அதில் மிச்சம் பிடிக்காதே. விளிம்புகளைக் கட்டாயம் தேய்த்துத் தரச் சொல். கண்ணாடியை ஒட்டச் சிலிக்கான் பசை வேண்டும்; குளியலறைக்கு விற்கும் பசையில் பூஞ்சையைத் தடுக்கும் மருந்து கலந்திருக்கும், அது மீனைக் கொன்றுவிடும் என்பதால், மீன்தொட்டிக்கு உரியது என்று குழாயிலேயே அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்கு. ஒட்டிய பிறகு புளிக்காடி வாடை முழுவதும் போகும்வரை, ஒரு வாரமாவது காயவிட்டு, பிறகு முற்றத்தில் வைத்துத் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் கசிவு பார்.

ராணி அத்தை (காலை 10.31)
தாங்கும் மேசையைப் பற்றியும் சொல்லுங்கள், தம்பி. எங்கள் வீட்டில் இரும்புக் கால் வைத்த தாங்கி உப்புக் காற்றில் துருப்பிடித்தது. வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. உள்ளே கால் பொரிப்பொரியாய் உதிர்ந்திருந்தது எங்களுக்குத் தெரியவில்லை. ஒரு விடியற்காலையில் ஒரு பக்கம் இறங்கி, அடிக்கண்ணாடி கீறி, கூடம் முழுவதும் தண்ணீர். என் மகன் ஈரத் தரையில் உட்கார்ந்து கப்பி மீன்களை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் பொறுக்கிப் போட்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பாம்பன் சித்தப்பா (காலை 10.44)
அக்கா சொல்வது மிகவும் முக்கியம். உன் தொட்டிக்கு ஏறக்குறைய 110 லிட்டர் தண்ணீர் என்றால் 110 கிலோ. கண்ணாடியும் மணலும் சேர்ந்தால் 150 கிலோவை நெருங்கும். ஆகவே செங்கல் திண்டு கட்டி, மேலே கடப்பாக்கல் போட்டு, தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் விரித்துவிடு. நம் கடற்கரைக்கு அதைவிடச் சிக்கனமும் உறுதியும் வேறில்லை.

கவிதா (காலை 11.02)
மிக்க நன்றி. சின்னவன் கடல் குதிரை வேண்டும் என்கிறான். வலையில் சிக்குவதைக் கேட்டு வாங்கலாமா?

பாண்டி மச்சான் (காலை 11.10)
வேண்டாம் கவிதா. கடல் குதிரையும் பவளமும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருப்பதால், பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். மேலும் மன்னார் வளைகுடாவின் உயிர்கள் அங்கேயே இருக்கட்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். உங்கள் கிணற்றுத் தண்ணீர் சற்று உவர்ப்பு. மோலி மீனுக்கு அது மிகவும் பிடிக்கும், குட்டியும் போடும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் குளோரின் போக ஒரு நாள் காற்றுக் குழாய் ஓடவிட்டு ஊற்றுங்கள். முதல் மாதம் நான்கைந்து மீன் போதும்.

கவிதா (மாலை 6.20)
அட்டையை ஐந்து பக்கமாக வெட்டி மூலையில் வைத்துப் பார்த்தோம். சுவர் சரியான மட்டத்தில் இல்லாததால் வலப்பக்கம் ஒரு விரல் இடைவெளி விழுகிறது.

பாம்பன் சித்தப்பா (மாலை 6.34)
சுவருக்காகக் கண்ணாடியைக் கோணலாக வெட்டாதே. ஒயரும் காற்றுக் குழாயும் அந்த இடைவெளியிலேயே இறங்கட்டும். அந்த அட்டையையே நாளைக்குக் கடைக்கு எடுத்துக்கொண்டு போ. நான் பத்து மணிக்கு வந்துவிடுகிறேன்.