சாண்டா அனா காற்று: உங்களுக்கு என்ன நடந்தது?

இர்வைன்வாசி
தெற்கு கலிபோர்னியாவில் மலை தாண்டிக் கடல் பக்கம் வீசும் வறண்ட காற்றுதான் சாண்டா அனா. அக்டோபர் கடைசி. காலையிலேயே ஹ்யூமிடிட்டி 7 சதவீதம், உதடெல்லாம் வெடிப்பு, கார் கதவைத் தொட்டாலே சுள்ளென்று ஷாக். அந்த நேரம் பார்த்து திருநெல்வேலியிலிருந்து அம்மா போன். "அங்க இடி மழையாமே, குடை எடுத்துக்கிட்டுப் போப்பா." வானிலை பார்க்க எங்கள் பக்கத்து ஊரான சாண்டா அனா என்று தட்டியிருக்கிறார், வந்தது மத்திய அமெரிக்காவில் இருக்கும் எல் சால்வடோர் நாட்டு சாண்டா அனா! எரிமலைப் பக்கத்து ஊர் அது, அக்டோபரில் மழை பெய்யும். பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு மரத்திலிருந்து ஒரு பனைமட்டை பறந்து வந்து என் கார் வைப்பருக்கு அடியில் செருகி நின்றது. மட்டை ஓரம் முழுக்க ரம்பம் மாதிரி முள், கண்ணாடியில் நீளமாக ஒரு கீறல். "என்னப்பா சத்தம்?" என்றார். மழைதாம்மா என்று சொல்லிவிட்டேன்.

கணவாய்க்காரன்
இர்வைனுக்கு வருவது மிச்சம் மீதிதான் நண்பரே. நாங்கள் கஹோன் கணவாய்க்கு நேர் கீழே இருக்கிறோம். மொஹாவி பாலைவனச் சூட்டை அப்படியே வாரிக்கொண்டு வந்து கொட்டும். ஃபோன்டானா பக்கம் 15-ஆம் நெடுஞ்சாலையில் எனக்கு முன்னால் ஒரு காலி டிரெய்லர். ஒரு பக்கச் சக்கரங்கள் மெதுவாக மேலே எழும்பின. அந்த இடைவெளி வழியாக அடுத்த லேன் கார் தெரிந்தது. அது தெரிந்ததுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்புறம் சாய்ந்து, பொறி பறக்க வழுக்கிக்கொண்டே போனது. டிரைவர் மேல்பக்க ஜன்னல் வழியாக ஏறி வந்துவிட்டார், நல்லவேளை.

பாசடீனா ரவி
பாலைவனச் சூடு என்பது தப்பு சார். நெவாடா, யூட்டா மேட்டுநிலத்தில் கிளம்பும்போது அது குளிர்ந்த காற்றுதான். மலை இறங்க இறங்க அழுந்திச் சூடேறுகிறது, 1000 மீட்டருக்கு சுமார் 10 டிகிரி. அதனால்தான் நடுக் குளிர்காலத்திலும் தீ பிடிக்கிறது. 2025 ஜனவரி 7 ராத்திரி ஈட்டன் காட்டுத்தீ எங்கள் தெருவுக்கு வரவில்லை, சாம்பல் வந்தது. அதில் பாதி கருகிய ஒரு சமையல் குறிப்புத் தாள், கையெழுத்தில். தீ எரித்த பக்கத்து ஊர் ஆல்டடீனாவில் யார் வீட்டுச் சமையலறையோ.

சரி, எல்லோருக்கும் சொல்கிறேன். கராஜ் கதவு கரண்ட் இல்லாவிட்டால் திறக்காது. மோட்டாரிலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டுக் கையால் தூக்கணும். வீட்டில் எல்லோரையும் ஒரு தடவை தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். 2019-க்குப் பிறகு கலிபோர்னியாவில் விற்கும் மோட்டார்களில் பேட்டரி இருக்கும், பழையதில் பெரும்பாலும் இருக்காது. கூரைக் காற்றுத் துளைகளுக்கு நெருக்கமான கம்பி வலை போடுங்கள். வீட்டைப் பெரும்பாலும் எரிப்பது பறந்து வரும் கங்குதான். பாஸ்போர்ட்டெல்லாம் ஒரே பையில் வையுங்கள். கேஸ் வால்வு எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். இர்வைன்வாசி, பனை மரத்தடியில் காரை நிறுத்தாதீர்கள்.

கணவாய்க்காரன்
அழுந்திச் சூடாகட்டும் சார், டிரெய்லருக்கு அது தெரியாதே.

இர்வைன்வாசி
கார் என் வீட்டு டிரைவ்வேயில் நின்றது. மரம்தான் அடுத்த வீட்டுக்காரருடையது. மட்டையை வெட்டச் சொல்லி ஆகஸ்டிலேயே கேட்டாயிற்று.