செயின்சா த்ராட்டில் கம்பி: எந்த முனை எந்தப் பக்கம்?

வணக்கம் நண்பர்களே. செயின்சாவோட (மரம் அறுக்கிற மெஷின்) கார்புரேட்டரைக் கழற்றி, அதுல இருக்கிற டயஃப்ரம்கிற மெல்லிய சவ்வை மாத்தினேன். பிரிக்கும்போது ஒரு போட்டோ எடுத்து வைக்கணும்னு தோணலை. இப்ப முழிக்கிறேன்.

ட்ரிக்கரையும் கார்புரேட்டரையும் இணைக்கிற த்ராட்டில் கம்பியோட ஒரு முனை இசட் மாதிரி மடிஞ்சிருக்கு, மறுமுனை வெறும் கொக்கி. இசட் முனை கார்புரேட்டர் லீவருக்கா, கைப்பிடிக்குள்ள இருக்கிற ட்ரிக்கருக்கா? இப்போதைக்கு லீவர்ல மாட்டியிருக்கேன். ட்ரிக்கரை முழுசா அழுத்தினாலும் கார்புரேட்டருக்குள்ள காத்தை விடுற பட்டர்ஃபிளை வால்வு முக்கால்வாசிதான் திறக்குது. விட்டா டக்குனு மூடாம மெதுவா வருது. கம்பி போற ரப்பர் துளையில உரசுதோன்னு சந்தேகம்.

இன்னொண்ணு, கைப்பிடி மேல இருக்கிற லாக்கை அழுத்தாமலே ட்ரிக்கர் நகருது. அது தப்புன்னு எனக்கே தெரியுது. ஸ்பிரிங்கோட ஒரு கால் இடம் மாறி உட்கார்ந்திருக்கும்போல.

இன்னும் ஸ்டார்ட் பண்ணலை, ஸ்பார்க் பிளக் மூடியும் கழற்றித்தான் வெச்சிருக்கேன். த்ராட்டில் திறந்தே நின்னா கிளட்ச் பிடிச்சு செயின் சுத்த ஆரம்பிச்சிடும், அந்த விளையாட்டே வேண்டாம்.

இதைப் பிரிச்சு மாட்டினவங்க ஏர் ஃபில்டர் இல்லாம எடுத்த போட்டோ ஒண்ணு போட்டா போதும். கம்பியை வளைச்சுச் சரி பண்ணுங்கன்னு மட்டும் சொல்லாதீங்க, அதை ஏற்கெனவே ஒருத்தர் சொல்லிட்டார்.