சிறைக்குப் பிறகு முகமது ஆமிர்: என் பக்கத்து இருக்கையில் நடந்தது

ஜெயிலுக்குப் போய்த் திரும்பிய விளையாட்டு வீரரை மக்கள் எப்படி எதிர்கொண்டார்கள், நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். பாகிஸ்தான் வேகப்பந்து வீச்சாளர் முகமது ஆமிரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவரால் ஒரு மனிதர் பட்ட பாட்டை 6 வருஷம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அதைச் சொல்கிறேன்.

2010-இல் லண்டனில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தேன். எங்கள் ஷிஃப்ட்டுக்கு சூப்பர்வைசர் பாகிஸ்தானின் ஜீலம் ஊர்க்காரர், 50 வயதைத் தாண்டியவர். நான் அவரை பாயி சாப் (அண்ணன்) என்பேன், அவர் என்னை பேட்டா (மகனே) என்பார். எங்களுக்குள் பேச்சே கிரிக்கெட்தான். லார்ட்ஸ் மைதானத்தில் பாகிஸ்தான் இங்கிலாந்தோடு ஆடிய டெஸ்ட்டின் நான்காவது நாளுக்கு, ஆகஸ்ட் 29, ஞாயிற்றுக்கிழமைக்கு, இரண்டு மாசம் முன்னாலேயே டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். 18 வயசுப் பையன் இடது கையால் பந்தை ஸ்விங் செய்கிறான், இவனை நீ நேரில் பார்க்கணும் என்று எனக்கும் சேர்த்தே எடுத்திருந்தார்.

சனிக்கிழமை ராத்திரி செய்தி வெடித்துவிட்டது. மஸார் மஜீத் என்ற ஏஜென்ட் 1,50,000 பவுண்டு பணக்கட்டுகளோடு உட்கார்ந்திருக்கிற வீடியோ, சூதாட்டத்துக்காக எந்த ஓவரில் எந்தப் பந்து நோ-பால் என்று அவர் முன்கூட்டியே சொன்னது, சொன்னபடியே வியாழனும் வெள்ளியும் ஆமிரும் இன்னொரு பந்துவீச்சாளர் ஆசிஃபும் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தது எல்லாம் நியூஸ் ஆஃப் த வேர்ல்ட் பத்திரிகையில் வந்திருந்தது. போக வேண்டாம் என்று சொல்லத்தான் காலையில் அவருக்கு போன் செய்தேன். எடுத்தவர், "டிக்கெட் எடுத்தாச்சு, வா" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு மைதானத்தில் இருந்த மாதிரி ஓர் அமைதியை நான் அதற்குப் பிறகு எங்கேயும் கேட்டதில்லை. மற்ற நாளில் விக்கெட் விழுந்தால் எழும்புமே ஒரு இரைச்சல், அது பாதியிலேயே நின்றுவிடும். ஆமிர் பேட் பிடிக்க இறங்கியபோது எங்கள் வரிசையில் ஒருத்தரும் கை தட்டவில்லை. இதே ஆட்டத்தில்தான் அந்தப் பையன் 84 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்திருந்தான், இங்கிலாந்து 102-க்கு 7 விக்கெட் இழந்து தவித்தது, ட்ராட்டும் பிராடும் 332 ரன் சேர்த்துத்தான் தப்பித்தார்கள். இவ்வளவு திறமை இருந்தும் ஏண்டா என்றுதான் எனக்கே வயிறு எரிந்தது. பாகிஸ்தான் இன்னிங்ஸ் மற்றும் 225 ரன்னில் தோற்றது. பரிசளிப்பைக்கூட வெளியே வைக்காமல் உள்ளே லாங் ரூமில் முடித்துவிட்டார்கள்.

கிளம்பும்போது பாயி சாப் ஒரு காரியம் செய்தார். மேலே போட்டிருந்த பச்சை ஜெர்சியைக் கழற்றி, நாலாக மடித்து, சாப்பாட்டு டப்பா வைத்திருந்த பைக்குள் டப்பாவுக்கு அடியில் வைத்தார். பிறகு கோட்டின் ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். ஆகஸ்ட் மாசம். செயின்ட் ஜான்ஸ் வுட் ஸ்டேஷன் வரைக்கும் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் என்ன தப்பு செய்தார்? காசு கொடுத்து டிக்கெட் வாங்கினார், அவ்வளவுதான். ஆனால் திருடன் மாதிரி தலையைக் குனிந்து நடந்தது அவர்தான்.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் ஐசிசி தடை விதித்தது: கேப்டன் சல்மான் பட்டுக்கு 10 ஆண்டு, ஆசிஃபுக்கு 7, ஆமிருக்கு 5. நவம்பரில் சதர்க் நீதிமன்றத்தில் பட்டுக்கு 30 மாசம், ஆசிஃபுக்கு ஒரு வருஷம், ஆமிருக்கு 6 மாசம் சிறை. ஆமிர் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார். சின்ன வயசு, மற்றவர்கள் பேச்சுக்கு எளிதில் வளையக்கூடியவர் என்று நீதிபதியே சொன்னார். கேன்டீனில் இதை எடுத்து நான் ஆமிருக்காகக் கொஞ்சம் பரிந்து பேசினேன். பாயி சாப் டீயைக் கீழே வைத்துவிட்டு, "18 வயசில் நான் இந்த நாட்டில் ராத்திரி ஷிஃப்ட்டில் மூட்டை தூக்கினேன் பேட்டா. எனக்கு யாரும் வளைய நேரம் கொடுக்கவில்லை" என்றார். அதோடு அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டேன். ஒரு பேச்சுக்குக்கூட மறுபடி ஆமிர் பெயரை அவர் முன்னால் எடுக்கவில்லை.

பாதித் தண்டனை முடிந்து ஆமிர் 2012 பிப்ரவரி 1-ஆம் தேதி டார்செட்டில் போர்ட்லண்ட் சிறையிலிருந்து வெளியே வந்தார். 2015-இல் உள்ளூர் ஆட்டம், 2016 ஜனவரியில் நியூசிலாந்தில் சர்வதேச ஆட்டம். அதற்கு முன்னால் பயிற்சி முகாமில் சக வீரர்கள் முகமது ஹஃபீஸும் அஸார் அலியும் இவரோடு சேர்ந்து வர மாட்டோம் என்று நின்றார்கள், பிறகுதான் இறங்கி வந்தார்கள். சரி, விதி என்ன செய்தது பாருங்கள், அவர் திரும்ப டெஸ்ட் ஆடும் இடமும் அதே லார்ட்ஸ்.

2016 ஜூலை 15, வெள்ளிக்கிழமை, இரண்டாம் நாள். இந்த முறை டிக்கெட் எடுத்தது நான். பாயி சாப் வருவாரா என்றே தெரியாது, வந்தார். சாம்பல் நிற ஸ்வெட்டர். ஆமிர் பேட்டோடு படியிறங்கி வந்தபோது நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். கூச்சல் போடுவார்கள், நோ-பால் என்று கத்துவார்கள் என்றுதான் எல்லாரும் எழுதியிருந்தார்கள். அப்படி ஒன்றிரண்டு குரல் இருந்தது உண்மை, மற்றபடி மரியாதைக்கான கைதட்டல்தான். பெவிலியன் பக்கத்தில் வயசான வெள்ளைக்காரர்கள் தட்டினார்கள். எனக்கு முன் வரிசையில் பாகிஸ்தான் பையன்கள், 2010-இல் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள், எழுந்து நின்று தட்டினார்கள். பாயி சாப் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். குளிருக்கு வைப்பது மாதிரி.

அப்புறம் இங்கிலாந்து பேட்டிங். ஆமிர் பந்து, இங்கிலாந்து கேப்டன் அலெஸ்டர் குக்கின் மட்டை விளிம்பில் பட்டு முதல் ஸ்லிப்பில் நேராகப் போனது. அங்கே நின்றவர் ஹஃபீஸ், அதாவது இவரோடு ஆட மாட்டேன் என்ற அதே ஹஃபீஸ். விட்டுவிட்டார். பாயி சாப் தொடைக்கு அடியிலிருந்த கையை உருவி இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு எழுந்து நின்று பஞ்சாபியில் ஹஃபீஸைத் திட்டினார் பாருங்கள், எனக்கு மொழி தெரியாது, ஆனால் முன்வரிசைப் பையன்கள் திரும்பிப் பார்த்து வாயைப் பொத்தினார்கள். பிறகு விக்கெட் கீப்பர் சர்ஃபராஸும் ஆமிர் பந்துவீச்சில் குக்கை விட்டார், அதற்கும் திட்டு. கடைசியில் 81-இல் குக் பந்தைத் தானே ஸ்டம்புக்கு இழுத்துக்கொண்டார். சூதாட்டக்காரர்களுக்கு ஆயுள் தடைதான் சரி என்று தொடருக்கு முன்னால் சொன்ன குக். பாயி சாப் கை தட்டினார். இரண்டே தட்டு. உடனே ஏதோ தப்பு செய்த மாதிரி என்னைப் பார்த்தார், நான் ஸ்கோர் போர்டைப் பார்த்தேன்.

*

நான் வேறொருத்தி. நியூசிலாந்தின் வெலிங்டனில் நடந்த டி20 ஆட்டத்துக்கு நானும் என் கணவரும் போயிருந்தோம், 2016 ஜனவரி. ஆமிர் பந்து வீச வந்தபோது ஒலிபெருக்கியில் கடைக் கல்லாப்பெட்டி திறக்கிற சத்தத்தைப் போட்டார்கள், அதுதான், காசு விழுகிற அந்த "டிங்" சத்தம். கூட்டம் சிரித்தது. நானும் முதலில் சிரித்துவிட்டேன், அதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. எங்களுக்கு இரண்டு இருக்கை தள்ளி ஒரு பாகிஸ்தான் குடும்பம், ஒரு குட்டிப் பெண் அப்பாவிடம் எல்லாரும் ஏன் சிரிக்கிறாங்க என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவர் பதில் சொல்லவில்லை, பாப்கார்னை எடுத்து அவள் கையில் கொடுத்தார். ஆட்டத்தில் நியூசிலாந்து பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது, எனக்கு அது மனசில் நிற்கவில்லை. பிறகு நியூசிலாந்து கிரிக்கெட் வாரியத்தின் தலைமை நிர்வாகி டேவிட் வைட் அது தவறு என்று மன்னிப்புக் கேட்டார். ரசிகர் ஒருவர் கத்துவது வேறு, ஆட்டத்தை நடத்துகிறவர்களே மைக்கில் கேலி செய்வது வேறு. தண்டனையை நீதிமன்றம் கொடுத்து முடித்த பிறகு ஒலிபெருக்கிக்காரருக்கு அதில் என்ன பங்கு?

*

நான் மூன்றாவது ஆள். ஆமிர் சிறையிலிருந்து வெளியே வந்தபோது ஷார்ஜாவில் இருந்தேன். எங்கள் சைட்டில் கிரேன் ஓட்டியவர் பாகிஸ்தானில் குஜர்கான் பக்கத்துக்காரர், ஆமிரின் சங்கா பங்க்யால் கிராமமும் அந்தத் தாலுகாதான். உஸ்தாத் என்று கூப்பிடுவோம். அவருக்கு 8, 9 வயசில் ஒரு பையன். 2009-இல் லார்ட்ஸில் நடந்த டி20 உலகக் கோப்பை இறுதியில் ஆமிர் முதல் ஓவரிலேயே தில்ஷானைத் தூக்கினாரே, அதைப் பார்த்துவிட்டு பிறவியிலேயே வலது கைக்காரனான அந்தப் பையன் இடது கையால் பந்து போடப் பழக ஆரம்பித்தானாம். சோறு தின்பது வலது கை, பந்துக்கு மட்டும் இடது கை. இதைச் சொல்லும்போது உஸ்தாத் முகம் அப்படி மலரும்.

2010-க்குப் பிறகு போனில் பையனை மிரட்டி, இடது கையில் பந்தைத் தொட்டால் காலை ஒடிப்பேன் என்று நிறுத்திவிட்டார். ஊரில் எல்லாருக்கும் ஒரே அவமானம், எந்த ஊர் என்று கேட்டால் பஸ்ஸில் பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்கிறோம் என்றார்.

ஆமிர் வெளியே வந்தது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை, பிப்ரவரி 3, எங்களுக்கு லீவு, துபாயில் இங்கிலாந்துக்கு எதிராக மூன்றாவது டெஸ்ட் ஆரம்பம். கேம்ப்பிலிருந்து 5 பேர் ஒரு வேனில் போனோம். அதற்கு முந்தின வாரம்தான் அபுதாபியில் இங்கிலாந்தை 72-க்குச் சுருட்டியிருந்தார்கள். அன்றைக்கு பாகிஸ்தானே 99-க்கு ஆல்அவுட், அப்படியும் கடைசியில் 71 ரன்னில் ஜெயித்து 3-0 ஆக்கினார்கள். மைதானத்தில் யாரும் ஆமிர் பெயரைச் சொல்லவே இல்லை. மிஸ்பா, அஜ்மல், ரஹ்மான் என்றுதான் கத்தினார்கள். அவர் இல்லாமலே ஜெயிக்கிறோம் பார் என்ற மாதிரி ஒரு வீம்பு அதில் இருந்தது, எனக்கு நன்றாகப் புரிந்தது.

ராத்திரி கேம்ப் சமையல்கட்டில் உஸ்தாத் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கி வீட்டுக்குப் பேசினார். திடீரென்று கை நின்றது. பிறகு மறுபடி பிசைய ஆரம்பித்தார். போனை வைத்த பிறகு என்ன உஸ்தாத் என்றேன். பையன் மறுபடி இடது கையில் போடுகிறானாம், அம்மா புகார் சொல்கிறாள் என்றார். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "ஜன்னலை உடைக்காமல் போடச் சொல்" என்று சொன்னாராம்.

*

லார்ட்ஸ் கதை எழுதியவன்தான். பாயி சாப் ஆமிரை மன்னித்துவிட்டாரா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது, அந்தக் கேள்வியை நான் அவரிடம் கேட்டதில்லை.

ஆனால் ஒன்று என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. மூன்று பேர் ஜெயிலுக்குப் போனார்கள். நாம் எல்லாரும் ஒருவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பட்டும் ஆசிஃபும் 2016 ஜனவரியில் உள்ளூர் ஒருநாள் போட்டிக்குத் திரும்பினார்கள், முதல் ஆட்டத்திலேயே பட் 135 அடித்தார், தேசிய அணிக்கு யாரும் கூப்பிடவில்லை. 2023 டிசம்பரில் தேர்வுக்குழுவுக்கு ஆலோசகர் என்று பட்டைப் போட்டார்கள், ஊரே கொதித்தது, மறுநாளே விலக்கிவிட்டார்கள். 13 வருஷம் ஆகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. அவர் கேப்டனாக இருந்தார், கோர்ட்டில் கடைசி வரைக்கும் இல்லை என்று சாதித்தார், அதனால் மக்களுக்கு மனசு இறங்கவில்லை என்பது நியாயம்தான். ஆமிர் ஒப்புக்கொண்டார், சின்னப் பையன். அதெல்லாம் சரி. ஆனால் ஆமிரின் பந்து ஸ்விங் ஆகாமல் இருந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் மன்னித்திருப்போமா என்று யோசித்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஆசிஃப் அவரைவிடப் பெரிய வித்தைக்காரர் என்று பலர் சொல்வார்கள், திரும்பி வரும்போது அவருக்கு வயசாகிவிட்டது, அவ்வளவுதான், அவருக்கு யாரும் எழுந்து நிற்கவில்லை.

2017 ஜூன் 18, லண்டன் ஓவல், சாம்பியன்ஸ் டிராபி இறுதி, இந்தியாவும் பாகிஸ்தானும். அதற்குள் பாயி சாப் ரிடையர் ஆகி பிராட்ஃபோர்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், நான் தனியாக நீலச் சட்டைக் கூட்டத்தில். பாகிஸ்தான் 338. ஆமிர் முதல் ஓவரிலேயே ரோஹித்தை எடுத்தார். பிறகு கோலி விளிம்பில் பட்டு ஸ்லிப்பில் அஸார் அலி விட்டார், ஆமாம், முகாமுக்கு வர மாட்டேன் என்ற இன்னொருவர். அடுத்த பந்திலேயே கோலி ஷாதாப் கையில். அப்புறம் தவானும் போனார். 16 ரன்னுக்கு 3 விக்கெட், எங்கள் இந்தியாவுக்கு 158-இல் முடிந்தது. பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது, யார் என்று எனக்குத் தெரியும், எடுக்கிற நிலைமையில் நான் இல்லை.

ராத்திரி 10 மணிக்குக் கூப்பிட்டேன். 20 நிமிஷம் பேசினார். அஸார் விட்டதும் என் உயிரே போய்விட்டது என்றார், அடுத்த பந்தை அதே இடத்தில் போட எவ்வளவு நெஞ்சு வேண்டும் என்றார், கோலி கால் எங்கே இருந்தது, பந்து எந்தக் கோணத்தில் வந்தது என்று ஒவ்வொன்றாக. பையன், பையன் என்றே சொன்னார். 20 நிமிஷத்தில் ஒரு தடவைகூட ஆமிர் என்ற பெயரைச் சொல்லவில்லை.