கடைசி ஸ்க்ரூவை இறுக்கினால் நின்றுபோகும் ஸ்கெலிடன் வாட்ச்: என் அனுபவம்

நான் மண்டபத்தில் இருக்கிறேன், வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒரே ஒரு தெரு. போன கச்சான் காற்றுக் காலத்தில், உள்ளே ஓடும் சக்கரங்கள் வெளியே தெரியும்படி தகடுகளை அறுத்துத் திறந்த ஒரு ஸ்கெலிடன் வாட்சை முழுக்கப் பிரித்து நானே கோத்தேன். அதில் மாட்டிக்கொண்ட இடங்களை எழுதுகிறேன்.

மெஷின், யூனிடாஸ் 6497 என்ற சுவிஸ் மெஷினின் அமைப்பைப் பார்த்துச் சீனாவில் செய்வது. கையால் சாவி கொடுக்க வேண்டும். 36.6 மி.மீ. விட்டம், பாகங்கள் பெரியவை, அதனால்தான் பழகுகிறவர்கள் இதில் கை வைக்கிறார்கள். சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் தகடுகளான பிரிட்ஜ்களை அறுத்தே அனுப்பியிருந்தார்கள், ஆனால் ஓரமெல்லாம் கரடு. ஊசி அரத்தால் இரண்டு நாள் உட்கார்ந்து இழைத்தேன், பெட்ரோலில் கழுவினேன், கோக்க ஆரம்பித்தேன்.

சக்கரங்களை டிக் டிக்கென்று தடுத்துத் தடுத்து விடும் சின்னக் கவையான பாலட் ஃபோர்க்கைப் போடுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு, இதை யாரும் தாண்டிப் போகாதீர்கள். சக்கரங்களை மட்டும் வைத்து, பிரிட்ஜை இறுக்கி, சாவியைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பினால் எல்லாச் சக்கரமும் சர்ரென்று ஓடி, நிற்கும்போது வரிசையில் கடைசியான எஸ்கேப் சக்கரம் ஒரு கணம் பின்பக்கமாகத் திரும்பி நிற்க வேண்டும். அப்படித் திரும்பினால் எங்கும் பிடிப்பு இல்லை என்று அர்த்தம். எனக்கு ஓடியது, ஆனால் சட்டென்று செத்து நின்றது. கடைசி ஸ்க்ரூவை அரைச்சுற்றுத் தளர்த்தினால் அழகாக ஓடுகிறது, இறுக்கினால் நிற்கிறது.

மணல்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். கச்சான் அடிக்கும்போது ஜன்னலை எவ்வளவு அடைத்தாலும் மேசையில் நறநறவென்று இருக்கும், இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஃபேனை நிறுத்தி, நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு பாகத்தையும் டம்ளரைக் கவிழ்த்து மூடி மூடி நான்கு முறை கழுவிக் கோத்தேன். அதே கதை.

அப்புறம் எல்லாவற்றையும் டப்பாவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிக் கீழக்கரைக்குப் போனேன். அங்கே ஐம்பது வருஷமாக வாட்ச் பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். கண்ணில் லென்ஸை மாட்டி, ட்வீசர் நுனியால் ஒவ்வொரு சக்கரத்தின் கையையும் லேசாகத் தூக்கி விட்டார். சக்கர அச்சின் முனைக்கும் அதைத் தாங்கும் கல்லுக்கும் நடுவே மயிரிழை ஆட்டம் இருக்க வேண்டும், தூக்கினால் ஏறும், விட்டால் இறங்கும். மற்ற சக்கரங்கள் இறங்கின. மூன்றாம் சக்கரம் அசையவே இல்லை. “மணல் இல்ல தம்பி, எல்லாத்தையும் காத்து மேல போடாதீங்க” என்றவர், பிரிட்ஜைக் கழற்றித் திருப்பி, அது அடித்தகடான பிளேட்டில் உட்காரும் அடிப்பாகத்தில் நகத்தை ஓட்டச் சொன்னார். நகம் தட்டியது! நான் அரம் போட்ட ஓரத்தில் பித்தளைப் பிசிறு கீழ்ப்பக்கமாகச் சுருண்டு நின்றிருந்தது, மேலிருந்து எந்த லென்ஸிலும் தெரியாது. கடைசி ஸ்க்ரூ அந்தப் பக்கத்து ஸ்க்ரூ, அதை இறுக்க இறுக்க பிரிட்ஜ் சாய்ந்து வளைந்திருக்கிறது. அறுத்து மெலிந்த பிரிட்ஜ் அல்லவா, முழுப் பிரிட்ஜ் மாதிரி எதிர்த்து நிற்காது. எண்ணெய்க்கல்லில் இரண்டே இழுப்பு. திரும்பக் கோத்ததும் எஸ்கேப் சக்கரம் பின்பக்கம் ஒரு துள்ளுத் துள்ளியது பாருங்கள், மனசே நிறைந்துவிட்டது.

ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக முழுசாக இறுக்காமல், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் சக்கரத்தை அசைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

அடுத்த சிக்கல் ஸ்கெலிடனுக்கே உரியது. நிமிஷ முள் நடக்கிறது, மணி முள் சில நேரம் நடக்கவில்லை, அதுவும் வாட்சைக் கவிழ்த்து வைத்தால் மட்டும். சாதாரண வாட்சில் மணிச் சக்கரம் மேலே எழும்பாமல் டயல்தான் பிடித்துக்கொள்கிறது. நான் போட்டிருந்ததோ நடுவில் ஒன்றுமில்லாத, எண்கள் மட்டும் உள்ள வளையம். கவிழ்த்தால் மணிச் சக்கரம் பல்லை விட்டு விலகிவிடும். நடுவில் சின்ன வளையமும் அதைத் தாங்க மெல்லிய கைகளும் உள்ள டயலாக மாற்றி, அடியில் மெல்லிய டயல் வாஷர் ஒன்று போட்டேன், சரியாகிவிட்டது.

சாவித் தண்டைக் கழற்றுகிறவர்கள், அதைப் பிடிக்கும் ஸ்க்ரூவை ஒரு சுற்றுக்கு மேல் தளர்த்தாதீர்கள். உள்ளே லீவர் நழுவினால் டயலைக் கழற்றித்தான் திரும்ப மாட்ட முடியும். பாலட் ஃபோர்க்கை எடுக்கும் முன், ஸ்ப்ரிங்கில் ஏறியிருக்கும் சாவியை முழுசாக இறக்கிவிடுங்கள்.

உப்புக்காற்று எனக்குச் செய்த கெடுதல் வேறு. விரல் உறை போடாமல், சாவி கொடுக்கும்போது சுழலும் ராட்செட் சக்கரத்தைத் தொட்டுவிட்டேன், ஒரே வாரத்தில் என் ரேகை அப்படியே பழுப்புத் துருவாக எழும்பி நிற்கிறது. திறந்த வாட்ச் என்பதால் கண்ணாடி வழியே தினமும் தெரிகிறது.

இப்போது ஓடுகிறது. படுக்க வைத்தால் ஒரு நாளைக்கு 40 நொடி முந்துகிறது, செங்குத்தாக நிமிர்த்தி வைத்தால் அவ்வளவு இல்லை. வாட்சின் வேகத்தை ஒழுங்காக வைக்கும் மெல்லிய சுருள்கம்பியான ஹேர் ஸ்ப்ரிங்கில் காந்தம் ஏறியிருக்கலாம் என்கிறார் பாய், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.