கலைச்சொல் உதவி: மீன்தொட்டி ‘சைக்கிள் ஆவது’ தமிழில் என்ன?

குழுவினருக்கு வணக்கம்.

வண்ணமீன் கடைகளில் வைக்க நான்கு பக்கக் கையேடு ஒன்று தயாராகிறது. பொருள், கேரள ஆறுகளில் வாழும், உடம்பை ஊதிக்கொள்ளும் குட்டிப் பேத்தை மீனின் நோயறிதல். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. முதல் கேள்வியிலேயே நிற்கிறேன்: “தொட்டி சைக்கிள் ஆகிவிட்டதா?” கொளத்தூர்க் கடைகளில் இப்படித்தான் கேட்பார்கள். புதிதாக மீன் வாங்குகிறவருக்கு இது விளங்காது.

மீன் கழிவிலும் மிச்ச இரையிலும் அம்மோனியா வரும். ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். இவை பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும், பெருகி முடிவதைத்தான் ‘சைக்கிள் ஆவது’ என்கிறார்கள். ‘சுழற்சியேற்றம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.
— சென்னை

> சுழற்சியேற்றம்

வேண்டாம். மோட்டார் போட்டுத் தண்ணீரைச் சுற்றவிடுவது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ‘நீர்ப்பக்குவம்’ என்றால் ஊறுகாய் போடுகிற பாட்டிக்கும் புரியும்.
— மதுரை

பக்குவம் ‘பக்வ’ என்ற வடசொல். ‘நீர்ப்பதம்’ இருக்கும்போது கடன் எதற்கு? சொல், அடி என்று பொருள்படும் வடமொழிப் ‘பதம்’ வேறு, சோற்றுப் பதம் வேறு. குறள் 548-இல் வரும் ‘தண்பதத்தான்’ பாருங்கள், பதம் அங்கே நிலை. ‘பேத்தை’ என்ற பெயரும் பேதையிலிருந்து வந்ததன்று, பேழ்வயிறு என்பதில் உள்ள ‘பேழ்’தான் வேர் என்பது என் ஊகம். ஊதினால் உடம்பெல்லாம் வயிறுதானே.
— தஞ்சாவூர்

ஐயா, பேழ்வயிறு பிறகு பேசலாம். பக்குவமானாலும் பதமானாலும் ‘நீர்’ என்ற முன்னொட்டே தவறு. பழைய தொட்டியின் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினாலும், வடிகட்டிப் பஞ்சு ஈரமாகவே இருந்தால் வேலை நடக்கும். பஞ்சைக் குழாயடியில் கழுவினால் குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். நுண்ணுயிர் குடியிருப்பது பஞ்சிலும் மணலிலும். தண்ணீரில் மிகக் குறைவு.

புது மண்சட்டியை வாங்கிக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்குவோமே, அதுதான் இது. ‘தொட்டி பழக்கல்’. லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா சேர்த்து, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0-க்கு இறங்கினால் தொட்டி பழகிவிட்டது. பழைய தொட்டிப் பஞ்சில் ஒரு துண்டைப் புது வடிகட்டியில் வைத்தால் நாள் குறையும். அதற்கு ‘உறை ஊற்றுதல்’ என்றே சொல்லலாம், தயிருக்குச் செய்வதுதான்.

இந்தக் கேள்வி ஏன் முதலில் வரவேண்டும் என்றால், வாலை மடித்துக்கொண்டு, நிறம் கறுத்து, மூலையில் ஒடுங்கும் பேத்தையைக் கண்டதும் மருந்துக் குப்பியைத் திறந்துவிடுகிறார்கள். பழகாத தொட்டியில் அம்மோனியாவே அப்படிச் செய்யும். நைட்ரைட் ஏறினால் செவுள் பழுப்பாகி மேல்மட்டத்தில் வாய் பிளக்கும். இரண்டுக்கும் உடனடி மருந்து, குளோரின் நீக்கிய தண்ணீரைப் பாதி மாற்றுவது. தண்ணீர் சரியாக இருந்தும் உடம்பில் ரவை தூவியது போலிருந்தால் வெண்புள்ளி. நன்றாகத் தின்றும் வயிறு ஒட்டி, கழிவு வெள்ளை நூலாகத் தொங்கினால் குடற்புழு. செதிலில்லாத மீன் என்பதால் செம்பு கலந்த மருந்தைத் தாங்காது.
— நாகர்கோவில்

உவமை அழகு. இலக்கணமும் இடம் கொடுக்கிறது: பழகு தன்வினை, பழக்கு பிறவினை. “தொட்டி இன்னும் பழகவில்லை”, “தொட்டியைப் பழக்குங்கள்” இரண்டும் இயல்பாக வரும். ஆனால் கடையிலிருந்து கொண்டுவந்த மீனைப் பையோடு மிதக்கவிட்டு, சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்ப்பதையும் ‘பழக்குதல்’ என்றுதானே சொல்கிறோம்? ஒரே பக்கத்தில் இரண்டு பழக்கல் குழப்பும்.
— மதுரை

அதற்கு ‘மீன் இணக்கல்’ போதும். இணங்கு–இணக்கு, அதே தன்வினை பிறவினை.
— நாகர்கோவில்

பதத்தை ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். நீர் தவறென்றால் ‘தொட்டிப்பதம்’ என்கிறேன். பழக்கல் மாட்டுக்கும் குதிரைக்கும் உரிய சொல். என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள்.
— தஞ்சாவூர்

பதிவு செய்கிறேன் ஐயா. மூவர் ஒப்புக்கொண்டதாலும் நாளை மறுநாள் அச்சு என்பதாலும் ‘தொட்டி பழக்கல்’, ‘உறை ஊற்றுதல்’, ‘மீன் இணக்கல்’ மூன்றையும் வைக்கிறேன். முதன்முறை வருமிடத்தில் மட்டும் “கடைகளில் சைக்கிள் என்பார்கள்” என்று ஒரு வரி சேர்க்கிறேன்.
— சென்னை

மெய்ப்பு பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் நைட்ரைட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்கலாம் என்று விழுந்திருக்கிறது. அது நைட்ரேட். நைட்ரைட் 0 தவிர வேறெதுவும் ஆகாது. ஓர் உயிர்க்குறி மாறினால் மீன் செத்துவிடும், ஆகவே அந்த எழுத்தைத் தடித்த அச்சில் போடுங்கள். தண்ணீரில் சொட்டுவிட்டு அளக்கும் சோதனையில் நைட்ரேட்டின் இரண்டாம் குப்பியை 30 விநாடி ஓங்கிக் குலுக்க வேண்டும் என்ற வரியும் விடுபட்டிருக்கிறது. அடியில் தங்கிய பொடி கலக்காவிட்டால் 80 இருக்கும் தண்ணீரும் 5 என்று காட்டும்.
— நாகர்கோவில்

‘உயிர்க்குறி’ அன்று, ‘உயிர்மெய்க்குறி’. தொட்டிப்பதம் பற்றி அடுத்த பதிப்புக்கு முன் விரிவாக எழுதுகிறேன்.
— தஞ்சாவூர்